தொப்பி கழற்றிய பிறகு

எங்கள் சங்கத்தில் அந்த மரம்வெட்டிகள் படத்தைப் பார்த்த அத்தனை பேரும், கடைசியில் கிழவர் ஆற்றோடு போய்விட்டார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நான் விட்டிருந்தால். நான் விடவில்லை.

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் ஓய்வூதியர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கூடம் உண்டு. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி போனால் அதிரும் ஜன்னல்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் கூட்டம். கூட்டம் முடிந்ததும் ஒரு படம், படம் முடிந்ததும் டீ. நான் அதன் செயலாளர். ஆயுள் முழுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் என்பதால் அந்தப் பதவி தானாக வந்து என் தலையில் உட்கார்ந்தது. துணை வட்டாட்சியராகத்தான் ஓய்வு பெற்றேன். ஊர்க்காரர்கள் எனக்குப் பதவி உயர்வு கொடுத்து ‘தாசில்தார்’ என்றே கூப்பிடுகிறார்கள். அரசாங்கம் தராததை ஊர் தந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க எனக்குப் பைத்தியமா?

இந்த ஆண்டு தொடக்கத்தில் நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்தேன். என் மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவள் இடம் அவளுக்கு இருக்கிறது, அதில் யாரும் குடியேறவில்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவர் அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம், ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரில் குடியிருந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கருவூலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் நேர்காணலில்தான் பழக்கம். ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடிருக்கிறான் என்பதை அரசாங்கம் சும்மா நம்பாது. வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் காட்ட வேண்டும். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, “சார், மொதல்ல உக்காருங்க. உங்களுக்கு சுகர் எறங்குது” என்றார். நான் உயிரோடிருப்பதை உறுதி செய்த முதல் ஆள் அவர்தான்; கருவூலம் இரண்டாவது.

ஊரில் எல்லோரும் அவரை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சு வந்த பிறகு அதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் இருவருக்கும் ஊர் வேறு, சாதி வேறு. எனவே சிறப்புத் திருமணச் சட்டம். விண்ணப்பம் கொடுத்தால் பதிவாளர் அலுவலகப் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு தொங்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். ஆனால் சட்டத்தில் உள்ள காரணங்களைத்தான் சொல்ல முடியும். வயதைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தில் கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு கிடையாது. எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்காவிட்டால் அந்த அறிவிப்பு செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும்.

பலகையில் பார்த்துவிட்டு ஊர் கிசுகிசுப்பதற்கு முன்னால் நானே சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். எங்கள் தலைவர் காவல் துறையில் ஆய்வாளராக இருந்தவர். முதலில் வாய் திறந்தவர் அவர்தான்.

“நம்மூர்ல இதெல்லாம் வழக்கமில்லீங்களே, தாசில்தாரே.”

கூடத்து ஜன்னலில் திருச்செங்கோட்டு மலை தெரியும். உடம்பில் பாதியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற சாமியை அந்த மலைமேல் வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. நான் ஜன்னலைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். “நீங்க சொல்றது நெசந்தானுங்களாப்பா? இனி ஊருக்குள்ள நாங்க எப்பிடித் தல நிமுந்து வாரது?”

“நீ வாரதே வருசத்துக்கு ஒருக்கா, சாமி. அந்த ஒரு நாளு மட்டும் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டுப் போ” என்றேன்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வீட்டை எப்போதோ அவள் பெயருக்கு எழுதிவைத்தாகிவிட்டது. ஆகவே அவள் கோபம் சுத்தமான கோபம். அதை மதிக்கிறேன். அதற்காக முடிவை மாற்றிக்கொள்வதாக இல்லை.

செவிலியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “சார், பதிவாளர் ஆபீஸ் வாசல்ல கூப்பிட்டா வந்து கையெழுத்து போடறதுக்குன்னே ஆளுங்க நிப்பாங்க. அவங்கள சாட்சிக்குக் கூப்பிட்டீங்கன்னா நான் வரமாட்டேன். நம்மளத் தெரிஞ்சவங்க மூணு பேரு வந்து நிக்கணும். நான் ஒண்ணும் திருடிட்டுப் போகல.”

அவர் சொன்னால் சொன்னதுதான். மூன்று பேர் கிடைக்காவிட்டால் கல்யாணம் இல்லை. சங்கத்தில் மூன்று நண்பர்கள் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் நான் கவலைப்படவில்லை. அந்த நேரத்தில்தான் அந்தப் படத்தைப் போட்டோம்.

மௌனப் படம். நூறு ஆண்டுக்கு முந்தையது. பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்துக் காட்டில் மரம் வெட்டி, ஆற்றில் உருட்டிவிட்டு, வெள்ளத்தோடு கீழே கொண்டுபோகிற ஆட்களின் கதை. உரிமை யாருக்கும் இல்லாததால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் காட்டிய நாலைந்து படங்களில் இதைத் தேர்ந்தெடுத்தவர் செவிலியர். கடைசிக் காட்சி வந்தபோது என் டேப்லெட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். “இதப் போடுங்க சார்” என்றார்.

கதை இதுதான். அந்த முகாமின் மேஸ்திரி வெள்ளை மீசைக் கிழவர். முகாமில் சமைக்கிறவள் ஒரு விதவை. அவளிடம் கிழவர் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லாமல் வாணலியைத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். அந்த வசந்தத்தில் ஆற்றின் வளைவில் மரங்கள் சிக்கிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மலைபோல் நிற்கின்றன. எங்கோ ஒரு மரம்தான் அத்தனையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நெம்பிவிட்டால் எல்லாம் ஓடும். நெம்புகிறவனும் கூடவே ஓடுவான். இளவட்டங்கள் கரையில் நிற்கிறார்கள். கிழவர் போகிறார்.

வசன அட்டைகள் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த நண்பர் ஒருவர் புரொஜெக்டரையும் விளக்கையும் பார்த்துக்கொண்டார். செவிலியர் இரண்டாவது வரிசையில் இருந்தார். எல்லோரும் ஒன்றிப்போய்ப் பார்த்தார்கள். கிழவர் நெம்புகிறார். மரமலை சரிகிறது. தண்ணீர், நுரை, உருளும் மரங்கள். கிழவரின் தொப்பி மட்டும் மிதந்து வருகிறது. கரையில் நிற்கிற ஆட்கள் ஒவ்வொருவராக, அஞ்சலியாகத் தங்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

அப்போது எங்கள் கண்டக்டர் எழுந்தார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊருக்கு அந்தக் காலத்தில் இருந்தது ஒரே பஸ். திருச்செங்கோட்டில் சினிமா பார்க்கப் போனால் அந்த பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும். அதன் கண்டக்டரும் எங்களோடு கொட்டகையில்தான் உட்கார்ந்திருப்பார். படம் முடியப் போகிறது என்று அவருக்குத் தோன்றும்போது எழுவார். அவர் எழுந்தால் எங்கள் ஊர் மொத்தமும் எழும். அதனால் எங்கள் ஊரில் என் வயதுக்காரர் யாரும் எந்தப் படத்தின் கடைசிக் காட்சியையும் முழுசாகப் பார்த்ததில்லை. வில்லன் சாய்ந்தானா, போலீஸ் ஜீப் வந்ததா, எழுந்திரு. மற்றதை பஸ்ஸில் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொள்வோம்.

அந்தக் கண்டக்டர் இப்போது எங்கள் சங்க உறுப்பினர். அன்று அவருக்குக் கிளப்ப வேண்டிய பஸ் எதுவும் இல்லை. கூடத்திலிருந்து அவர் வீடு கூப்பிடு தூரம். இருந்தும் தொப்பிகள் கழன்றதும் எழுந்து துண்டை உதறினார். உடனே முன்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது, நாற்காலிகள் கிறீச்சிட்டன. கூட்டம் எழுந்ததைப் பார்த்து லைன்மேன் விளக்கைப் போட்டு புரொஜெக்டரை நிறுத்தினார். வாசலில் டீக் கேன் வந்துவிட்டது. “உக்காருங்க, இன்னும் இருக்குது” என்று நான் மைக்கில் சொன்னதை, எழுந்துவிட்ட எங்கள் ஊர் காதில் வாங்கவில்லை. செவிலியர் மட்டும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தபடி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ ஆறுவதற்குள் படத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். தலைவர்தான் ஆரம்பித்தார்.

“பாத்தீங்களா? அந்த வயசுல கம்முனு அடுப்போரம் குந்தாம மரத்து மேல குதிச்சா ஆறு உடுமா? கொண்டுபோயிருச்சு.”

“பொம்பள ஆச வந்தா அப்பிடித்தானுங்க” என்றது இன்னொரு குரல். சிரிப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“அவர் சாகலீங்க” என்றேன்.

“தொப்பியக் கழட்டிட்டாங்களே!”

“அதுக்குப் பொறவும் படம் இருக்குதுங்க. அவர் பொழச்சுக்கறார்.”

தலைவர் டீயை உறிஞ்சினார். “உங்குளுக்குத் தோதா நீங்களே ஒரு முடிவு கட்டிக்கறீங்க, தாசில்தாரே.”

அந்த வாரம் முழுக்க அந்தக் கிழவர் ஊரில் செத்துக்கொண்டே இருந்தார். பால் வாங்கப் போனால் செத்தார். முடி வெட்டப் போனால் செத்தார். படத்தின் இணைப்பைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை; முடிவு தெரிந்த படத்தை யார் பார்ப்பார்கள்? பதிலுக்கு ஆற்றில் தொப்பி மிதக்கிற படம் ஒன்றை யாரோ எனக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதே வாரத்தில் என் மூன்று சாட்சிகளும் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு மருமகள் பிரசவம், இன்னும் நான்கு மாதம் இருக்கிறதாம். மூன்றாமவர் காரணம் சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனார்.

செவிலியரிடம் போய்ச் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கெழவன் செத்துட்டான்னு என் வீட்டுக் கீரைக்காரம்மா வரைக்கும் சொல்லுது சார்” என்றார். “படத்துக்கே வராதவங்க அவங்க.”

“சேலத்துல என்கூட வேல பாத்தவங்க மூணு பேரக் கூட்டிக்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம். சிரிச்சது இந்த ஊரு. சாட்சியும் இந்த ஊருதான் போடணும்.” கத்தியைக் கீழே வைத்தார். “இல்லன்னா விட்டுடலாம் சார். நான் உங்க மேல கோவப்பட மாட்டேன். தனியா இருந்து பழக்கந்தான்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கிளப்பியது. பழக்கம் என்பதற்காக ஒன்றைச் சகித்துக்கொள்ளும் வேலையை நான் அலுவலகத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கான அறிவிப்பை நான்தான் அனுப்ப வேண்டும். முதல் பொருளாக இதைச் சேர்த்தேன்: சென்ற கூட்டத்தில் முடிவுறாத திரைப்படத்தின் எஞ்சிய பகுதியைக் காட்டுதல்.

தலைவர் கூட்டத்தைத் தொடங்கியதும் அதில்தான் பிடித்தார். “ஒருக்காப் போட்ட படத்த மறுக்காப் போட ரூல் இருக்குதுங்களா?”

“மறுக்காப் போடறதுக்கு இல்லீங்க. போட்டு முடிக்காததுக்கு இருக்குது. முடிக்காத பொருள் எதுவா இருந்தாலும் அடுத்த கூட்டத்துல மொதல் பொருளா எடுக்கோணும்னு நம்ம துணைவிதியில இருக்குதுங்க. நீங்க கையெழுத்துப் போட்ட துணைவிதி.”

“படம் முடிஞ்சுதே. எல்லாரும் எந்திரிச்சுப் போனமே.”

“எந்திரிச்சா முடிஞ்சதா அர்த்தமுங்களா? கூட்டம் பாதியில இருக்கறப்ப நீங்க எந்திரிச்சு வெளிய போனா கூட்டம் முடிஞ்சிருமுங்களா?”

பின்வரிசையில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு குரல் வந்தது. “போடுங்க, பாப்பம். என்ன, எங்க ஊட்டுல பாலா பொங்குது?” அது கண்டக்டரின் மனைவி.

நான் கண்டக்டரிடம் போனேன். முதல் வரிசையில் நடு நாற்காலியைக் காட்டி, “இங்க வந்து உக்காருங்க” என்றேன். வந்தார். அவர் பக்கத்தில் குனிந்து சொன்னேன்: “நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. என்ன ஆனாலும்.”

“நான் வேணும்னு எந்திரிக்கலீங்க, தாசில்தாருங்க. அந்த எடம் வந்தா காலு தன்னால எந்திரிக்குது.”

“காலப் புடிச்சுக்குங்க.”

லைன்மேன் விளக்கை அணைத்தார். மரங்கள் சிக்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தோம். கிழவர் நெம்பினார். மரமலை சரிந்தது. தொப்பி மிதந்தது. கரையில் ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இருட்டில் நாற்காலிகள் நெளிகிற சத்தம் கேட்டது. எல்லாத் தலைகளும் முதல் வரிசை நடு நாற்காலியைப் பார்த்தன. கண்டக்டர் இரண்டு கையாலும் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் எழவில்லை. ஆகவே ஊர் எழவில்லை.

திரை கறுத்து, மறுபடி வெளுத்தது. சமையற்காரி கரையோரம் ஓடி வருகிறாள். கையில் மரத்தைக் குத்தி இழுக்கிற கொக்கிக் கம்பு. அது அவளைப்போல் இரண்டு பங்கு நீளம். ஆறு வளைகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிறாள். மரங்கள் அவளை உரசிக்கொண்டு போகின்றன. நுரைக்குள் ஒரு கை தெரிகிறது. கம்பை வீசுகிறாள்; தவறுகிறது. மறுபடி வீசி, கிழவரின் கால்சட்டை வாரில் கொக்கியை மாட்டி, பாறையில் காலை உதைத்து இழுக்கிறாள்.

“இழு தாயி, இழு!” என்றது பின்வரிசை.

கரையில் போட்டுப் புரட்டுகிறாள். கிழவர் தண்ணீரைக் கக்குகிறார். கண் விழித்து அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். அவள் கரை ஒதுங்கிய தொப்பியை எடுத்து அதாலேயே அவர் தலையில் நாலு போடு போடுகிறாள். அடுத்த காட்சியில் இருவரும் அடுப்புக்கு முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் வாணலியை அவர் முன்னால் தள்ளுகிறாள். அட்டை வருகிறது. நான் மைக்கில் படித்தேன்: “‘சாப்பாடு ஆறிப்போச்சு. இனிமேல் நேரத்துக்கு வீட்டுக்கு வரணும்.’”

அவ்வளவுதான். அவள் சொன்ன பதில் அதுதான். படம் முடிந்தது.

முதலில் பின்வரிசை சிரித்தது. பிறகு கூடமே சிரித்தது. இந்த முறை யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். செவிலியர் சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “சினிமான்னா அப்பிடித்தான் காட்டுவானுங்க. நெசத்துல ஆத்துல போனவன் போனவந்தான்.”

“போன மாசம் வரைக்கும் சினிமாவுல செத்தது நெசமா இருந்துதுங்களே” என்றேன். “பொழச்சா மட்டும் சினிமாவுங்களா?”

இன்று வரை தலைவர் கட்சி மாறவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவர் மனமாற்றமல்ல, மூன்று கையெழுத்து.

கண்டக்டர் இன்னும் முழங்காலைப் பிடித்தபடியே இருந்தார். “எந்திரிக்கலாமுங்களா?” என்று கேட்டார். நான் தலையாட்டிய பிறகுதான் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“தாசில்தாருங்க, அந்தச் சாட்சிக் கையெழுத்து எங்க வந்து போடோணும்?”

“நானும் வாரன்” என்றார் அவர் மனைவி, பின்னாலிருந்து. “நாம கண்ணாலத்துக்குப் போயி எத்தன நாளாச்சு. ஆனா இவுரு கையெழுத்த மட்டும் நம்பீராதீங்க, கோழி கெளறுன மாதிரி இருக்கும்.”

மூன்றாவது யார் என்று நான் கேட்கவில்லை. லைன்மேன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “அன்னிக்கு லைட்டப் போட்டு நிறுத்துனவன் நானுங்க. எம்பேரையும் எழுதிக்குங்க.”

பதிவாளர் அலுவலகத்தில் வியாழக்கிழமை காலை போய் உட்கார்ந்தோம். மகள் வரவில்லை. வருவாள் என்று நான் நாடகத்தனமாக வாசலைப் பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. செவிலியர் இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த பட்டுச் சேலையில் வந்திருந்தார், அரக்கு நிறம். பூ வைத்திருந்தார். வாசலில் சாட்சிக்கென்றே நிற்கிற ஒருவன் எங்களை நெருங்கியபோது, கண்டக்டரின் மனைவி, “அக்கட்டால போ சாமி, நாங்க ஊரோட வந்திருக்கறம்” என்று அவனை அனுப்பினார்.

உறுதிமொழிப் படிவத்தில் நான் கையெழுத்திட்டேன். அவர் கையெழுத்திட்டார். மூன்று சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். கோழி கிளறியது உண்மைதான். பேனாவை மூடியதும் லைன்மேன் பெருமூச்சு விட்டு எழுந்தார். கண்டக்டரின் மனைவியும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானேகூட நாற்காலியில் முன்னால் நகர்ந்துவிட்டேன், அத்தனை விதியும் தெரிந்த நான்.

“உக்காருங்க” என்றார் கண்டக்டர். அவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். “இன்னும் முடியலீங்க. பதிவாளரய்யா எந்திரிக்கச் சொல்லுட்டும்.”

பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். வயதில் என் மகளைவிடச் சின்னவர். “அவர் சொல்றது சரிதான் சார். கையெழுத்து போட்டா மட்டும் கல்யாணம் ஆகாது. ஒருத்தருக்கொருத்தர் வாயால சொல்லணும். எங்களுக்குக் கேக்கற மாதிரி.”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். செவிலியர் என் பக்கம் திரும்பினார். முதலில் நான் சொல்வதாக இருந்தது. அவர் காத்திருக்கவில்லை.

“உங்கள என்னோட சட்டப்படியான கணவரா ஏத்துக்கறேன், சார்.”

“அந்த ‘சார்’ வேண்டாம்மா” என்றார் பதிவாளர்.

“அது போகாது” என்றார் என் மனைவி. “எழுதிக்குங்க.”